தளிக்குத் துக்கம் ஆறப் போனது

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு கன்னடத்தில் இருந்தது. இரண்டாவது தெலுங்கில். மூன்றாவதாக வந்த ஆட்டோக்காரர்தான், "எங்கம்மா போவணும்?" என்று நம் பாஷையில் கேட்டார். "தளி பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டு, அதன் கடைசியில் இயல்பாக வர வேண்டிய ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, "சார்" என்று முடித்தேன். அவர் தனக்குப் பின்னால் சார் யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

விழுங்கிய சொல் 'அண்ணே'. என் அண்ணன் தங்கராஜ் போன ஆடியில் மாரடைப்பில் இறந்துபோனான். அதிலிருந்து எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. கோவில்பட்டியில் இப்படி ஒரு கோளாறோடு காலம் தள்ளுவது எளிதல்ல. காய்கறிக்காரர், கேஸ் கொண்டு வருகிறவர், கண்டக்டர், மாவு மில்காரர், எங்கள் ஊரில் எல்லோரும் அண்ணன்தான். நான் எல்லோரையும் சார் ஆக்கினேன். மாவு மில்காரர் எனக்கு அவர்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் மாவை நைஸாக அரைத்துக் கொடுத்தார்.

என்னை வரவழைத்தது என் மகள் அபிநயா. ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஜினியர். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதே கம்பெனியில் வேலை செய்கிற பாகலூர்ப் பையன், வீட்டில் தெலுங்கு. மண்டபம், சமையல், மேளம் எல்லாம் முடிவாகிவிட்டது. முடிவாகாதது ஒன்றுதான்: தாய்மாமன் இடத்தில் நின்று பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வரப்போவது யார்? எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அந்த இடத்தில் வேறொரு ஆளைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் சொல்லாததால் பத்திரிகை அச்சுக்குப் போகாமல் கிடக்கிறது. "அது உங்க வீட்டு விஷயம்" என்று என் வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கே இட்லிப் பொட்டலத்தோடு வந்த அபிநயா, நான் தின்னும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "செல்வம் மாமாவைச் சொன்னா என்னம்மா? அவர்தான் தினம் போன் பண்றாரே."

"அவன் பேச்சை எடுக்காத."

செல்வம் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. எங்கள் அண்ணன் அவனுக்கும் அண்ணன்தான், ஒரே வளவில் ஒன்றாக வளர்ந்தவர்கள். துக்க வீட்டில் ஐஸ் பெட்டி, பந்தல், வேன் என்று எல்லாவற்றுக்கும் ஓடியது அவன்தான். ஐப்பசி பிறந்ததிலிருந்து தினமும் போன் செய்து, "மாமன் யாருன்னு முடிவு பண்ணிட்டியாக்கா?" என்று கேட்கிறான். அண்ணன் கழற்றிப் போட்ட செருப்பில் கால் நுழைக்க இவ்வளவு அவசரமா என்று எனக்கு எரிச்சல்.

"யாரு பேருன்னாலும் சரிம்மா," என்றாள் அபிநயா. "ஞாயித்துக்கிழமை திரும்பி வரும்போது ஒரு பேரோட வா. எனக்கு ஒரு மாமா வேணும்."

அந்தப் பக்கத்துக் கம்பெனிகள் சில சேர்ந்து தளியில் நடக்கும் ஒரு முகாமுக்கு ஆள் அனுப்புகின்றன. கூடப்பிறந்தவரைப் பறிகொடுத்த பெரியவர்களுக்கான ஆறுதல் முகாம். வேலை செய்கிறவர்களும் போகலாம், அவர்கள் குடும்பத்தாரும் போகலாம். அபிநயா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். துக்கத்துக்கு லீவு போட்டு மலையேறும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிற எனக்கு லீவு கொடுத்த முதலாளியும், "எங்க, ஊட்டிக்கா?" என்றுதான் கேட்டார்.

தளி பஸ்ஸில் ஒரு மூட்டை பீன்ஸ் எனக்குப் பக்கத்து சீட்டில் வந்தது. முன்னால் இரண்டு பெண்கள் கன்னடத்தில் வாக்குவாதம் செய்தார்கள். பீன்ஸ் மூட்டைக்குச் சொந்தக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: ஒருத்தி தோட்டத்தில் யானை புகுந்து கோஸைத் தின்றுவிட்டதாம், இன்னொருத்தி தோட்டத்தை மிதித்ததோடு போய்விட்டதாம். மிதித்ததோடு போனது பற்றி அந்த இன்னொருத்திக்குக் கொஞ்சம் குறைதான் என்று தோன்றியது.

ஏறிப் போகப்போகக் காற்று குளிர்ந்தது. எங்கள் ஊரில் ஸ்வெட்டர் என்பது கைக்குழந்தைக்குப் போடுவது. நான் ஒரு பருத்தித் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போய் இறங்கினேன்.

முகாம் நடக்கும் இடம் முன்பு ரோஜாத் தோட்டமாக இருந்தது. பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான கொட்டகையில் ரோஜாவுக்குப் பதில் இப்போது எங்களைப் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். சொட்டு நீர்க் குழாய்களை இன்னும் கழற்றவில்லை. நடத்துகிறவர் பாஸ்கர் சார். ஏதோ ஒரு பெரிய தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடப்பிறந்தவர் ஒருவர் போன பிறகு பெங்களூரில் ஒரு படிப்புப் படித்துவிட்டு இதை ஆரம்பித்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் மார்க்கரும் வெள்ளைப் பலகையும் இல்லாமல் அவரால் எந்தத் துக்கத்தையும் பார்க்க முடியவில்லை.

வந்திருந்த ஏழெட்டுப் பேரில் நான் பழகியது மாதேஷோடு. ஐம்பதை நெருங்கும் ஆள், என்னைவிட மூத்தவர். மத்தூரில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். யூனிஃபார்ம் சட்டையோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும் வந்திருந்தார். முதல் நாள் மாலை அறிமுகம் முடிந்ததும் கையைத் தூக்கி அவர் கேட்ட ஒரே கேள்வி, "சார், கடைசில எக்ஸாம் இருக்குங்களா?"

"இது டிரெய்னிங் இல்ல மாதேஷ். எக்ஸாம்லாம் கிடையாது."

"சர்ட்டிஃபிகேட்டு?"

பாஸ்கர் சார் கொஞ்சம் யோசித்து, அது உண்டு என்றார். மாதேஷ் நிம்மதியாக உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை ஆவி பறக்கும் ராகிக் கஞ்சிக்குப் பிறகு முதல் வகுப்பு. தொழிற்சாலைகளில் ஒரு பொருள் பழுதாக வந்தால் 'ஏன்' என்று திரும்பத் திரும்பக் கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பார்களாம். அதையே மனசுக்கும் செய்து பார்க்கலாம் என்றார் பாஸ்கர் சார். முதலில் மாதேஷை எழுப்பினார்.

"மனசு ஏன் சரியில்ல, மாதேஷ்?"

"தங்கச்சி இல்லீங்க சார்."

"ஏன் இல்ல?"

"டெங்கு ஜுரம் சார்."

"ஏன் வந்துச்சு?"

"கொசு சார்."

"கொசு ஏன் வந்துச்சு?"

"தண்ணித் தொட்டிய மூடல சார். இப்ப மூடியாச்சு சார்."

மாதேஷ் விறைப்பாக நின்றார். அவருடைய கம்பெனிக் கணக்கில் கேள்வி அதோடு முடிந்தது. பாஸ்கர் சார் மார்க்கரை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தார். என் முறை வந்தது. அண்ணனுக்கு ஏன் மாரடைப்பு என்றதற்கு, புரோட்டா சால்னா என்றேன். அதற்கு மேல் ஏன் என்று போனால் கோவில்பட்டியில் பாதிக் கடைகளை மூட வேண்டி வரும் என்பதால் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்.

பலகையைத் துடைத்துவிட்டு, திரும்பாமலே ஒரு கேள்வி கேட்டார். "உங்ககிட்ட யாராவது துக்கம் கேட்டாங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் செத்த வீட்டுக்கு ஊரே வந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மதினியைத் தேற்றினார்கள். பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டார்கள். என்னிடம் வந்தவர்கள், "அம்மா சாப்பிட்டாளா? மதினி எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, காப்பிக்குச் சீனி எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்கள். நானும் எடுத்துக் கொடுத்தேன். என்னோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்தவன் போய்விட்டான், ஆனால் அந்த வீட்டில் நான் வேலையாள் போல நடமாடிக்கொண்டிருந்தேன். இதை அங்கேயே எழுந்து சொல்லிவிட்டேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லோர் வீட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது.

மதியம் மௌன உணவு. பேசாமல் சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் பேசாமல் சாப்பிட்டால் சண்டை என்று அர்த்தம். ஏதோ ஒரு சிறுதானியத்தை வேகவைத்து ஆறவிட்டு, பச்சை இலைகளை மேலே போட்டுக் கொடுத்தார்கள். சாமையா வரகா என்று கேட்கவும் வழியில்லை.

அதன் பிறகு காலி நாற்காலி. நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, போனவர் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னார்கள். என் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தான். அங்கேயும் மேஜை மேல்தான் உட்காருவான். நான் நாற்காலியைப் பார்த்தபடி நின்றுவிட்டு வந்தேன். மாதேஷ் போய் முதலில் நாற்காலியைத் தன் துண்டால் துடைத்தார். வாயைத் திறந்தபோது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கட் செய்தார். மறுபடி அடித்தது. அதையும் கட் செய்துவிட்டு, "அடுத்த ஆளு வரட்டும் சார்" என்று வந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் சமையல்கட்டில் களி வாசனை வந்தது. வேலையாட்களுக்காக லட்சுமம்மா கிண்டிக்கொண்டிருந்தார். கன்னடத்தில் பேசுவார், தமிழில் திட்டுவார். மாதேஷ் எனக்கு முன்னமே அங்கே தட்டோடு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு உருண்டை வைத்துக் கீரைக் குழம்பை ஊற்றிய லட்சுமம்மா, நான் மெல்லுவதைப் பார்த்துப் பொறுக்காமல், "களிய யாராச்சும் கடிப்பாங்களா? அப்படியே முழுங்கு" என்றார். முழுங்கினேன். முகாமுக்கு வந்ததிலிருந்து எனக்கு அப்போதுதான் வயிறு நிறைந்தது.

மாதேஷின் போன் மறுபடி அடித்து ஓய்ந்தது. "யாரு சார் விடாம கூப்பிடுறது?" என்றேன்.

"மச்சாங்க மேடம். தங்கச்சி வூட்டுக்காரரு. நாளைக்குப் பாப்பாவுக்குக் காது குத்து. கெலவரப்பள்ளி டேம் பக்கத்துல அவங்க கோயில்ல."

"உங்க மடியிலதானே உக்கார வைக்கணும்?"

"ஆமாங்க. கம்பெனில டிரெய்னிங் போட்டுட்டாங்க, வர முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"கம்பெனியா போட்டாங்களா?"

களியை ஒரு சுற்று உருட்டினார். "எச்.ஆர்.ல கேட்டாங்க, யாராச்சும் போறீங்களான்னு. தேதியப் பாத்தேன். கையத் தூக்கிட்டேன்."

அவரே சொன்னார். "அவ இருந்தா சீர்த்தட்ட வாசல்ல நின்னு வாங்குவா மேடம். இப்ப எடுத்துனு போனா யாரு வாங்குவாங்க? பாப்பா வேற அவள மாதிரியே மூக்கச் சுளிக்கும். மடியில வெச்சினு நான் அழுதுட்டா? நல்ல காரியத்துல கண்ணு கலங்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க. அதான் வேற ஆள உக்கார வெச்சிக்கங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. அபிநயாவுக்குக் காது குத்தியபோது அவள் மாமன் கையைக் கடித்துவிட்டாள். அந்தத் தழும்பைக் காட்டிக்காட்டியே, "இதுக்குக் கணக்கு உன் கல்யாணத்துல தீர்ப்பேன்" என்று அவளை மிரட்டிக்கொண்டிருப்பான். அந்தக் கை இப்போது இல்லை. இங்கே ஒரு முழுக் கை களி உருட்டிக்கொண்டிருக்கிறது.

"அங்க எம்மகளுக்கு மாமன் இல்லாம பத்திரிகை அடிக்காமக் கெடக்கு," என்றேன். "நீங்க உசுரோட இருந்துக்கிட்டு மலையில வந்து ஒளிஞ்சிருக்கீங்க. அழுகை வந்தா அழுங்க, யாரு வேண்டாம்னா? காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்புங்கண்ணே."

லட்சுமம்மா சண்டையோ என்று பயந்து ஆளுக்கு இன்னொரு உருண்டை வைத்தார். அதைப் பாதி முழுங்கிய பிறகுதான் நான் அவரை அண்ணே என்று சொன்னது எனக்கு உறைத்தது. அந்தச் சொல் என்றைக்காவது வந்தால் அழுகையோடு வரும் என்று நினைத்திருந்தேன். கோபத்தோடு வந்துவிட்டது.

மாதேஷ் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "தனியா போனா ஓசூர்லயே எறங்கி ரூமுக்குப் போயிடுவேன்" என்றார். "நீங்களும் கூட வாங்கம்மா."

ஞாயிறு காலை பாஸ்கர் சாரிடம் சொன்னோம். "துக்கத்த முடிச்சு வைக்கவே இன்னைக்கு ஒரு செஷன் வெச்சிருக்கேனே" என்று வருத்தப்பட்டார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் மாதேஷின் சர்ட்டிஃபிகேட்டை எடுத்து வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வழியில் தின்ன வாழைப்பழமும் கொடுத்தார்.

பஸ் புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. முன்னால் யானைகள் ரோட்டைக் கடக்கின்றனவாம். எங்கள் ஊரில் பஸ் நின்றால் டிரைவரோடு சண்டை போட ஒருவராவது இறங்குவார். இங்கே யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் பல் துலக்கினார். பின்னால் நின்றிருந்த ஒரு பெண், யார் எவர் என்று பார்க்காமல், கேட்காமல், இடுப்பிலிருந்த குழந்தையை மாதேஷின் மடியில் வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மாதேஷ் பார்சல் டெலிவரிக்கு வந்ததுபோல இரண்டு கைகளிலும் அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். குழந்தை அவர் அடையாள அட்டையை எடுத்துச் சப்பியது. கொஞ்ச நேரத்தில் அவர் அதன் முதுகைத் தட்ட ஆரம்பித்தார்.

யானை போக நேரமானது. ஓசூரில் இறங்கி வெற்றிலை, பழம், பூ, பாப்பாவுக்குப் பச்சைப் பாவாடை எல்லாம் வாங்கித் தட்டில் அடுக்கினோம். தோடு வாங்க வேண்டாமா என்று கேட்டேன். அவர் பையின் அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். தோட்டை வாங்கி வைத்துக்கொண்டுதான் மனுஷன் மலைக்கு ஒளிய வந்திருக்கிறார்.

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஆலைக் கழிவு கலந்த ஆற்றில் வெள்ளை வெளேரென்று நுரை மிதந்தது. பஞ்சு போல அது காற்றில் பறக்க, அதன் முன்னால் நின்று இரண்டு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டிக் கோயில். மேளச் சத்தத்தைவிடக் குழந்தையின் அலறல் தூக்கலாகக் கேட்டது. பலகையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில் துள்ளிக்கொண்டிருந்தது. ஆசாரி கம்பியோடு காத்திருந்தார். மத்தூரிலிருந்து வந்திருந்த மாதேஷின் மனைவி அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தட்டின் ஒரு பக்கத்தை வந்து பிடித்துக்கொண்டார்.

வாசலில் தட்டை வாங்க யாரும் வரவில்லை. மாதேஷ் நின்றுவிட்டார். திரும்பி ஓடிவிடுவாரோ என்று நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அந்த மச்சான் எழுந்து வேகமாக வந்தார். ஆண்பிள்ளை, தட்டு வாங்கிப் பழக்கமில்லை. குறுக்குவாட்டில் பிடித்ததில் பழங்கள் உருண்டு ஓடின. "வா மச்சா" என்று மட்டும் சொன்னார். பலகையில் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். அப்பாடா என்று அவர் வேட்டியை உதறிக்கொண்டதைப் பார்த்தேன்.

மாமன் மடிக்கு வந்ததும் பாப்பா அழுகையை நிறுத்திவிடவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு இன்னும் உரக்க அழுதது. அந்த மூக்கைப் பார்த்து மாதேஷ் அதைவிட உரக்க அழுதார். கூட்டத்தில் எல்லோருக்கும் கண் கலங்கியது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசாரி மட்டும், "மாமா, ஆடாத, கம்பி தவறும்" என்று தெலுங்கில் அதட்டிவிட்டு இரண்டு காதையும் குத்தி முடித்தார்.

பந்தியில் கறியும் களியும் போட்டார்கள். நான் அணைப் பக்கம் நடந்து போய்ச் செல்வத்துக்குப் போன் போட்டேன். அவனை நானாகக் கூப்பிட்டது அண்ணன் போன பிறகு அதுதான் முதல் தடவை.

"செல்வம், அபிநயாவுக்கு மாமனா நீதான் நிக்கணும்."

சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"என்னை விட்ருக்கா," என்றான். "தினம் போன் போட்டதே வேற யாரையாவது சொல்லிருவியான்னு கேக்கத்தான். அண்ணன் நிக்க வேண்டிய எடம். மாலையக் கையில வாங்குனா நான் அழுதுருவேன். எல்லார் முன்னாலயும் அசிங்கமாப் போயிரும்."

இத்தனை நாளும் நான் அவனைப் பற்றி நினைத்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வந்து என்ன செய்ய.

"அழு," என்றேன். "அழுதுக்கிட்டே போடு. இப்பத்தான் ஒரு காது குத்துல மாமன் அழுததப் பாத்துட்டு வாரேன், நானும் பக்கத்துல நின்னு அழுதேன். ஒண்ணும் ஆகல." பிறகு கேட்டேன், "உங்கிட்ட யாராவது துக்கம் கேட்டாகளாடா?"

"எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கப் போறாக. எல்லாரும் ஐஸ் பெட்டிக்காரன் நம்பரத்தான் கேட்டாக."

"சரி, நான் கேக்கேன். எப்படிடா இருக்க?"

அந்தப் பக்கம் அவன் விசும்புவது கேட்டது. மாதேஷ் பந்தியிலிருந்து சாப்பிட வரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு கையில் பாப்பா, இன்னொரு கையில் சர்ட்டிஃபிகேட், யாருக்கோ காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "வாரேன்ணே" என்று சத்தம் கொடுத்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். செல்வம் அழுது முடிக்க நேரமானது. இலையில் கறி ஆறிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பத்திரிகையில என் இனிஷியலைத் தப்பாப் போட்ராம பாத்துக்கச் சொல்லுக்கா" என்றான்.